ருபார்புக்கு வெட்டிய குழி

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லியாகிவிட்டது, காற்றில் போன வார்த்தையைக் கொக்கி போட்டு இழுக்க முடியாது, ஆகவே கிளறு தங்கப்பழம், முள்கொத்தைக் குத்து, புரட்டு, மேலே காய்ந்து கிடப்பதை அடியில் தள்ளு, அடியில் வெந்து கிடப்பதை மேலே இழு. ஊட்டிக் குளிரில் குதிரைச் சாணக் குவியலைப் பிளந்தால் இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி ஆவி அடிக்கிறது. மாட்டுச் சாணம் சாது. குதிரைச் சாணம் என்னை மாதிரி, உள்ளே கொதித்துக்கொண்டே கிடக்கும், அந்தச் சூட்டோடு வேரில் பட்டால் வேர் வெந்துபோகும், புரட்டிப் புரட்டி ஆறவிட்டு, மூக்கைச் சுளிக்க வைக்கிற நாற்றமெல்லாம் போய் மழை மண் வாசனை வந்த பிறகுதான் குழியில் கொட்ட வேண்டும். இதெல்லாம் எனக்கு யார் சொன்னது, குன்னூரில் ஜாம் போட்டு ஓட்டல்களுக்கு விற்கிற தெல்மா அம்மாள் சொன்னது. ருபார்ப் என்று ஒரு செடி, வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனது, தண்டு சிவப்பாக, வாயில் வைத்தால் கண்ணை மூடவைக்கிற புளிப்பு, இலை யானைக் காது மாதிரி, இலையைத் தின்றால் விஷம். தண்டை நறுக்கிச் சர்க்கரையில் வேக வைத்தால் ஓட்டலில் கோட்டுப் போட்டவர்கள் சாப்பிடுவார்கள். அந்த அம்மாள் தன் தோட்டத்துக் கிழங்கைப் பிளந்து ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்து, ஆழமாக வெட்டுங்கள் மிஸ்டர், புல் வேர் ஒன்றுகூட விடாதீர்கள், அடியில் பழைய குதிரை எரு, முதல் வருஷம் ஒரு தண்டைக்கூட ஒடிக்கக் கூடாது என்றார். அறுக்காத பயிருக்கு எதற்கு எரு என்று கேட்டேன். சிரித்தார். பொறுமை வேண்டும் மிஸ்டர் என்றார். எனக்கா, பொறுமையா. என்னிடம் இல்லாத சரக்கை என்னிடமே கேட்டால் எப்படி. ஆனாலும் வெட்டினேன், இடுப்பு ஆழத்துக்கு, வேலிக்குக் கொஞ்சம் இந்தப்புறமிருந்து கொட்டகை வரைக்கும் நீளக் குழியாக, கிக்குயு புல்லின் வேர் வெள்ளைக் கயிறு மாதிரி வந்துகொண்டே இருந்தது, இழுக்க இழுக்க அடுத்தவன் தோட்டத்திலிருந்து வருகிற மாதிரி. அந்தக் குழியைப் பார்த்துத்தான் குதிரைக்காரர் கேட்டார். குழி வெட்டாமல் இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார். நானும் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது குழிமேல் பழி போடுகிறாயா, நல்ல ஆளய்யா நீ.

விடிந்து வெயில் வேலியைத் தொடுவதற்குள் வந்து நின்றார் மஸ்தான் பாய். ஏரிக்கரையில் வந்துபோகிறவர்களைக் குதிரையேற்றி ஒரு சுற்றுக் கூட்டிப்போகிறவர், இரண்டே குதிரை, பிஜிலி என்று ஒரு சாம்பல் நிறப் பெண் குதிரை, மோத்தி என்று ஒரு கிழட்டுக் குதிரை. சாணம் அவரிடம்தான் வாங்குகிறேன். தலையில் மப்ளர் இல்லை, அதையே நான் கவனித்திருக்க வேண்டும், இந்தக் குளிரில் மப்ளர் இல்லாமல் ஒரு மனிதன் வந்து நிற்கிறான் என்றால் வீட்டில் ஏதோ ஆகியிருக்கிறது என்று அர்த்தம். "பிஜிலி செத்துப்போச்சு அண்ணாச்சி" என்றார். "வயித்து வலி. ராத்திரி முழுக்க நடக்க வச்சுப் பார்த்தேன். விடிகாலைல படுத்தா, எந்திரிக்கல." நான் முள்கொத்தை ஊன்றிக்கொண்டு நின்றேன். அடடா என்று ஒரு வார்த்தை. அது எத்தனை எழுத்து, அதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், அவர் அடுத்து ஏதோ கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, கேட்க வருகிறவன் முகம் எனக்குத் தெரியும், மண்டியில் பாதி ஆயுளை அந்த முகங்களுக்கு முன்னால் உட்கார்ந்தே கழித்தவன், அந்த முகத்தைப் பார்த்ததும் உள்ளே ஒருவன் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறான், வாயை மூடு, அவன் முதலில் பேசட்டும் என்கிறான். பேசினார். "லாயத்துல கையளவு மண்ணு இல்ல, எல்லாம் சிமெண்டுத் தரை. குப்பை வண்டில ஏத்திவிடுன்னு சொல்றாங்க. அங்க போட்டா நாய் இழுக்கும் அண்ணாச்சி. நீங்க செடிக்கு ஆழமா வெட்டி வச்சிருக்கீங்க. வேலியோரம் கொஞ்சம் இடம் குடுத்தீங்கன்னா, குழி நானே வெட்டிக்குவேன்." அவ்வளவுதான் கேட்டார். வேலியோரம். அங்கே நான் எதுவும் போடுவதில்லை, நிழல் விழுகிற இடம், கோஸ்கூட உருளாது. நான் என்ன சொன்னேன். இடத்தை ஒரு பார்வை பார்த்தேன், அவரை ஒரு பார்வை பார்த்தேன், "இடம் தரலாம் பாய். ஆனா இனிமே சாணத்துக்குக் காசு கேக்கக் கூடாது, சம்மதமா?"

சம்மதமா. அந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான் சாக்குப்போக்கே இல்லை. மற்றதையெல்லாம் ஏதோ வேடிக்கைக்குச் சொன்னேன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்ளலாம், சம்மதமா என்று கேட்டபோது நான் அவர் கண்ணைப் பார்த்தேன், விழுகிறாரா என்று பார்த்தேன், உருளைக்கிழங்கு மூட்டைக்கு முன்னால் நிற்கிறவனைப் பார்க்கிற மாதிரியே.  வேலிக் கம்பியில் பனித்துளி வரிசையாகத் தொங்கியது, அதில் ஒன்றை மஸ்தான் பாய் விரலால் தட்டிவிட்டார், எதற்குத் தட்டினார், கைக்கு ஏதோ வேலை வேண்டியிருந்திருக்கும். "யோசிச்சுச் சொல்றேன் அண்ணாச்சி" என்றார். போய்விட்டார். நான் கோபப்பட்டேன், அதுதான் வேடிக்கை, அவர் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது, யோசிக்க என்ன இருக்கிறது, ஒரு குதிரைச் சாணத்துக்கு இவ்வளவு யோசனையா, இடம் என்ன சும்மா வருதா, கல்லை உடைத்துக் காட்டைத் திருத்தி நான் உண்டாக்கிய மண் இது என்று குவியலைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். குவியல் ஆவி விட்டது. அந்த ஆவியில் அவள் இருந்தாள், அது அப்போதுதான் உறைத்தது. நான் கிளறுகிறது பிஜிலி போட்ட சாணம். போன வாரம் தின்ற புல், தவிடு, ஏரிக்கரைக்கு வந்த பிள்ளைகள் நீட்டிய காரட், எல்லாம் இந்தக் குவியலில் இன்னும் சூடாக இருக்கிறது, அவள் அங்கே சிமெண்டுத் தரையில் குளிர்ந்து கிடக்கிறாள். கை நின்றுவிட்டது. பிறகு கிளறியது. நிற்கிற கை என்னத்தைச் சாதிக்கும்.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது, அதையும் நினைத்துவிடு, யாரும் கேட்கப் போவதில்லை. அவர் திரும்பி நடக்கும்போது என் மூளை கணக்குப் போட்டது. எலும்புத் தூள் கடையில் என்ன விலை, உரக்கடைக்காரன் ஒரு சிறு பைக்கே எப்படி வாங்குகிறான், ஒரு முழுக் குதிரை மண்ணுக்குள் போனால் அந்தப் பக்கம் எத்தனை வருஷத்துக்கு எரு போட வேண்டாம், வேலியோரம் எதற்கு, ருபார்ப் குழியிலேயே படுக்க வைத்தால் என்ன, ஆழத்தில்தானே, வேர் போய்ச் சேரும்போது எல்லாம் மண்ணாகியிருக்கும். இதையெல்லாம் நான் நினைக்க வேண்டும் என்று நினைத்து நினைக்கவில்லை, ஆலை ஓடுகிற மாதிரி அது பாட்டுக்கு ஓடியது, விசையை நிறுத்த ஆளில்லை. ஆக அவர் இடம் கேட்டு வந்தார், இடம் கொடுப்பதால் எனக்கு நட்டமே இல்லை, லாபம், லாபத்துக்கும் மேலே விலை கேட்டிருக்கிறேன். மண்டியில் இதைச் சொன்னால் தோளில் தட்டுவார்கள். அண்ணாச்சி அண்ணாச்சிதான்யா, செத்த குதிரையிலும் தரகு எடுத்துட்டாரு என்பார்கள். சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது காது சுடுகிறது, நேற்று வரைக்கும் அந்தச் சிரிப்பில்தான் எனக்குச் சோறு இறங்கியது.

என் வீட்டுக்காரி ராசகனி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். ஊட்டிக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் இந்தப் பெண்பிள்ளை தேயிலைத் தண்ணீர் போட மாட்டாள், உடன்குடியிலிருந்து கருப்பட்டி வந்தாக வேண்டும். புடவை எடுக்க என்னோடு கடைக்கு வந்தால் நாலு கடை தள்ளி நிற்பாள், யாரோ ஒரு கிறுக்கன் அங்கே கத்திக்கொண்டிருக்கிறான், எனக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை என்கிற மாதிரி. டாக்டரிடம் நான் ஊசிக்கு விலை குறைக்கச் சொன்னதிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் கூட வருவதில்லை. லோட்டாவை வரப்பில் வைத்துவிட்டு, "மஸ்தான் பாய் வந்தாரே, என்னவாம்" என்றாள். "சாண விசயமா" என்றேன். பொய்யும் இல்லை. "இவ்வளவு காலையிலா?" "ஆமா." "குதிரையைக் காணும். அவரு நடந்தா வந்தாரு?" நான் காப்பியை ஊதினேன். ஊதுகிற சூடு அதில் இல்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, குழியைப் பார்த்தாள், குவியலைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள். "கூட்டுறவுக் கடைப் பக்கம் பால் வாங்கப் போயிருந்தேன்" என்றாள், "அந்தக் குதிரை செத்துப்போச்சுன்னு பேசிக்கிட்டாங்க." "ஆமா" என்றேன். "அதைச் சொல்லத்தான் வந்தாரா?" "ஆமா." "நீங்க என்ன சொன்னீங்க?" இதற்கு ஆமா என்று சொல்ல முடியாது. "பாக்கலாம்னேன்" என்றேன். "எதைப் பாக்கலாம்?" "இடம் கேட்டாரு, புதைக்க. பாக்கலாம்னேன்."  "பாக்கலாம்னு மட்டும்தான் சொன்னீங்களா" என்றாள், கேள்வி மாதிரி இல்லை, கடையில் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே சொல்கிற மாதிரி. லோட்டாவை எடுக்காமல் போய்விட்டாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதில் பாதி கரைந்திருக்கும். கத்துகிறவனை ஒழிக்க வேண்டுமென்றால் அவனிடம் கத்தாமல் போக வேண்டும், இது அவளுக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்டது.

சும்மா வந்ததா இந்த வாய். இந்த வாயை எனக்கு யாரும் பிறக்கும்போது வைத்து அனுப்பவில்லை. நான் சொந்தமாகச் சரக்குப் பிடித்த முதல் போகத்தில் உருளைக்கிழங்கு அழுகிவிட்டது, மழை விடாமல் பெய்து கிடங்கில் ஈரம் ஏறி, மூட்டையைத் தொட்டால் கை உள்ளே போகும், அந்த நாற்றத்தில் நடுக் கிடங்கில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், தாலிக் கொடியை அடகு வைத்துப் போட்ட முதல் அது. பெரிய மண்டிக்காரர் ஒருத்தர் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று எழுந்தேன், எழுந்து வேட்டியைக்கூடச் சரி பண்ணினேன். அவர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, "கிழங்கு போச்சு, சாக்கு என்ன விலை சொல்றே?" என்று கேட்டார். கிழங்கைக் கொட்டிவிட்டுச் சாக்கை அலசிக் கொடுத்தேன். ஆற்றுத் தண்ணீரில் நானே அலசினேன், விரல் விறைத்து, ஒவ்வொரு சாக்கையும் உதறும்போது அந்த ஆளைக் கொல்ல வேண்டும் போல இருந்தது. கொல்லவில்லை. அதைவிட நல்லதாக ஒன்று செய்தேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், அவரிடமிருந்து கற்றுக்கொண்டேன், யாருடைய கிடங்கில் நாற்றம் வருகிறதோ அங்கே முதலில் போய் நிற்கக் கற்றுக்கொண்டேன். இன்று காலை என் இடத்தில் மஸ்தான் பாய் அந்த ஆற்றங்கரையில் நின்று சாக்கு அலசியிருக்கிறார், நான் குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறேன். சே. மாட்டுச் சந்தையில்கூட வெட்கம் என்று ஒன்று வைத்திருக்கிறான், துண்டைப் போட்டு மூடி அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவான், கேட்டது கேட்டவனோடு போகும். நான் வெட்ட வெளியில் வாய்விட்டுக் கேட்டேன். துண்டு தோளில்தான் இருந்தது.

போன் பண்ணு. பையில்தானே இருக்கிறது. பாய், அது சும்மா சொன்னேன், கொண்டுவாங்க, அவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். எடுத்தேன். விரலில் சாணம், திரை எதையும் கேட்க மாட்டேனென்கிறது, வேட்டியில் துடைத்துவிட்டு அழுத்தினேன். அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. எடுக்காதது நல்லதாகப் போயிற்று என்று ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதியைக் கண்டு உடனே ஒரு அருவருப்பு. நான் விலை சொல்லிவிட்டு இறங்கி வந்தது கிடையாது. என்னை நம்பிச் சரக்கு கொண்டுவருகிறவன் அதற்காகத்தான் வருகிறான், தங்கப்பழம் சொன்னால் சொன்னதுதான், ஏறினாலும் இறங்கினாலும் மாற்ற மாட்டான் என்று. மாற்றாததுதான் என் மரியாதை என்று வைத்திருக்கிறேன், இப்போது அதே மரியாதை எனக்குக் குறுக்கே நிற்கிறது. அவர் வராவிட்டால் என்ன. குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார் என்றால். வண்டி ஏரிக்கரை வழியாகத்தான் போகும், கால் நாலும் வெளியே நீட்டிக்கொண்டு, மற்றக் குதிரைக்காரர்கள் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓரம் ஒதுங்கி நிற்பார்கள், ஏன் பாய் இப்படி, இடம் கிடைக்கலையா என்று யாராவது கேட்பார்கள், அவர் என் பெயரைச் சொல்ல மாட்டார். சொல்ல மாட்டார் என்பதுதான் தாங்கவில்லை. வந்தால் என்ன. வந்தால் அதைவிட மோசம், வந்தால் என்ன முகத்தோடு நிற்பேன். பிஜிலி எத்தனை முறை இந்த மேட்டில் ஏறியிருக்கிறாள், வண்டிக் கூலி மிச்சமென்று சாண மூட்டையை அவள் முதுகிலேயே ஏற்றித்தான் கொண்டுவருவார், தான் போட்டதைத் தானே சுமந்துகொண்டு மூச்சுவிட்டபடி வந்து நிற்பாள், நானும் அவரும் விலைக்கு மல்லுக்கு நிற்கிற நேரமெல்லாம் அவள் பாட்டுக்கு வேலிக்கு மேலே கழுத்தை நீட்டி என் முள்ளங்கி இலையை மேய்ந்துகொண்டிருப்பாள். அதற்கும் விலையில் கழித்துக்கொள்வேன். பாரு பாய், உங்க குதிரை தின்னுருச்சு. அவரும் சிரிப்பார். அன்றெல்லாம் அது விளையாட்டாகத்தான் இருந்தது. எந்த இடத்தில் விளையாட்டு விட்டுப்போயிற்று, எனக்குத் தெரியாமலே எல்லையைத் தாண்டிவிட்டேனா, இல்லை, எல்லை ஒன்று இருப்பது தெரிந்து, தாண்டினால் யார் கேட்கப் போகிறார்கள் என்று தாண்டினேனா. இரண்டாவதுதான். உனக்கு நீயே தள்ளுபடி போடாதே.

நேரே போய்விட வேண்டியதுதான். லாயத்துக்கே போய், நான் கூட ஒரு கை பிடித்து, அவளை ஏற்றிக் கொண்டுவருவது. செருப்பைப் போட்டேன். கழற்றினேன். அங்கே பத்துப் பேர் நிற்பார்கள், இந்த ஆள் எதற்கு வந்தான், பேரத்தை முடிக்கக்கூடப் பொறுக்காமல் பிணத்தடிக்கே வந்துவிட்டானா என்று நினைப்பார்கள். நினைக்க மாட்டார்கள், அவர் சொல்லியிருந்தால்தானே நினைப்பார்கள். சொல்லியிருப்பாரோ. மறுபடி செருப்பு. கொட்டகையில் ஈரச் சாக்குக்குள் ருபார்ப் கிழங்கு முளை விட்டிருக்கிறது, சிவப்பாக, புதிதாகப் பிறந்த எலிக்குஞ்சு மூக்கு மாதிரி, இன்று நட்டாக வேண்டும், நாளைக்குத் தள்ளினால் முளை சாக்கிலேயே நீண்டு வெளுத்துவிடும் என்று தெல்மா அம்மாள் சொல்லியிருக்கிறார். குழியில் ஆறிய எருவைக் கொட்டி, மண்ணைக் கலந்து, முளை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி உட்கார வைக்க வேண்டும். கொட்டினேன், ஒரு கூடை, இன்னொரு கூடை. ஒரு பக்கம் வேலை ஓடுகிறது. ஒவ்வொரு கூடையைக் கவிழ்க்கும்போதும் இது அவளுடையதா மோத்தியுடையதா என்று ஒரு கேள்வி, சாணத்தில் யார் பெயர் எழுதியிருக்கிறது, பைத்தியக்காரா. குழியின் பாதி கறுத்து மெத்தென்று ஆகிவிட்டது. இவ்வளவு நல்ல மண்ணை நான் என் கையால் இதுவரை செய்ததில்லை, கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகிறது. இங்கேயே கொடுத்துவிடலாம். வேலியோரம் என்ன வேலியோரம், அவர் வந்தால் இந்தக் குழியையே காட்டுவேன், செடி போனால் போகட்டும், அந்த அம்மாளிடம் கிழங்கு அழுகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படி நினைத்ததும் மனசு லேசாயிற்று, உடனே, ஏன் லேசாயிற்று என்று பார்த்தேன், கொடுக்கிறதைப் பெரிசாகக் கொடுத்துவிட்டால் கேட்டது மறந்துபோகும் என்கிற கணக்கு. அதுவும் வியாபாரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தராசு தொங்குகிறது.

பிக்கப் வண்டி மேடேறுகிற சத்தம் கேட்டது. முதல் கியரில் முக்கிக்கொண்டு வந்தது. முன்னால் டிரைவர், பின்னால் தட்டில் மஸ்தான் பாய் நின்றிருந்தார், அவர் காலடியில் படுதா போட்டு மூடிய மேடு. காலையில் அவர் தலையில் இல்லாத மப்ளர் படுதாவின் ஒரு ஓரத்தில் தெரிந்தது, அவள் கண்ணைச் சுற்றிக் கட்டியிருந்தார். குதித்து இறங்கினார். நான் குழியிலிருந்து ஏறி வந்தேன், சொல்ல வேண்டியதெல்லாம் வாயில் வரிசையாக நின்றது, அவர் முந்திக்கொண்டார். "நீங்க சொன்னதுக்குச் சம்மதம் அண்ணாச்சி. ஆனா இனிமே மோத்தி ஒண்ணுதான். அது போடுறது கொஞ்சமாத்தான் இருக்கும். அது இருக்கற வரைக்கும்னு வச்சுக்குவோம்." "அது விடுங்க பாய்" என்றேன், "காலைல ஏதோ வாய் தவறி, ஒண்ணும் வேண்டாம். கொண்டாங்க, இறக்குவோம்." அவர் நகரவில்லை. "இல்ல அண்ணாச்சி. கேட்டீங்க, சரின்னுட்டேன்." "நான்தான் வேண்டாங்கறேனே." "வேண்டாம்னா நான் வேற எடம் பாத்துக்கறேன்." டிரைவரைப் பார்த்து, "வண்டியத் திருப்பு" என்றார். கோபமே இல்லை, அதைச் சொன்னபோது. தூங்காத கண்ணில் கோபம் வைக்க இடமும் இல்லை. "இருங்க பாய், இருங்க" என்று தட்டின் கதவைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் பாய் இப்படி. சும்மா எடுத்துக்குங்கன்னு சொல்றேன், இடம் சும்மாதானே கிடக்கு." "சும்மா குடுத்த எடம்னா நாளைக்கு அது உங்க எடம் அண்ணாச்சி. நான் இந்தப் பக்கம் வந்து நின்னா, ஏன் நிக்கிறேன்னு உங்களுக்குத் தோணும். விலை குடுத்துட்டா தோணாது. கேட்டதும் நீங்கதானே." நான் பேரத்தில் இறங்கினேன். "சரி, ஒரு வாரம் சாணம் சும்மா குடுங்க, மறு வாரம் நான் காசு குடுக்கறேன்." "இல்ல." "மழைக்காலத்துக்கு மட்டும்னு வச்சுக்குவோம்." "இல்ல அண்ணாச்சி." "இந்த நடவுக்கு மட்டும். பாய், சொல்றதைக் கேளுங்க, இந்த ஒரு நடவு." "மோத்தி இருக்கற வரைக்கும்" என்றார். "ஒரே பேச்சு." நான் கேட்ட விலையைக் குறைக்கச் சொல்லி நானே கெஞ்சிக்கொண்டு நிற்கிறேன், என் குரல் எனக்கே கேட்கிறது, பிச்சைக்காரக் குரல், எந்த மண்டியிலும் நான் காட்டாத குரல், அந்த மனிதர் ஒரு பிடிகூட இறங்க மாட்டேனென்கிறார். ராசகனி பின்வாசலில் வந்து நின்றாள். எதுவரைக்கும் கேட்டாள் என்று தெரியவில்லை.

"அப்போ இங்க இறக்குங்க" என்று ருபார்ப் குழியைக் காட்டினேன், கறுத்துக் கிடந்த நல்ல பாதியை. மஸ்தான் பாய் எட்டிப் பார்த்தார். குனிந்து ஒரு பிடி அள்ளி விரலால் உதிர்த்துவிட்டு மறுபடி போட்டார். "நல்லாப் பண்ணியிருக்கீங்க" என்றார். "இது உங்க செடிக்கு. நாம பேசுனது வேலியோரம்." ராசகனி கொட்டகையிலிருந்து மண்வெட்டியைக் கொண்டுவந்து என்னைத் தாண்டிப் போய் அவர் கையில் கொடுத்தாள், "கடப்பாரை வேணுமா பாய், அந்தப் பக்கம் கல்லு" என்றாள், அவர் வேணும்மா என்றார், என்னைத் தவிர எல்லாருக்கும் வேலை இருந்தது. வெட்டினார்கள், டிரைவரும் வெட்டினான், நானும் போய் இறங்கினேன், யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. கல், வேர், கல். தோள் ஆழம் போன பிறகு ஏறி வந்தோம். மஸ்தான் பாய் வண்டித் தட்டில் ஏறினார். படுதாவை எடுக்கப் போகிறார் என்று நான் ஒரு முனையைப் பிடிக்கக் கையை நீட்டினேன். அவர் படுதாவைத் தொடவில்லை. பிஜிலியின் தலைமாட்டிலிருந்து ஒரு சாக்கை எடுத்தார், வாய் கட்டிய சின்ன சாக்கு, என் காலடியில் கொண்டுவந்து வைத்தார். "இது இந்த வாரத்துது" என்றார். வைத்துவிட்டு நின்றார். எதற்கு நிற்கிறார் என்று முதலில் புரியவில்லை. ஒவ்வொரு முறையும் சாண மூட்டையைப் பிரித்து, மரத்தூள் கலந்திருக்கிறதா, வைக்கோல் அடைத்திருக்கிறதா என்று அடி வரைக்கும் கையை விட்டுத் துழாவிப் பார்த்த பிறகுதான் நான் அவரை விடுவேன். அதற்காக நிற்கிறார். குத்திக் காட்ட நிற்கவில்லை, முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை, இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். நான் பார்த்து முடிக்கட்டும் என்று, எப்போதும் போல, பொறுமையாக நின்றார். டிரைவர் காத்திருந்தான். ராசகனி பார்த்துக்கொண்டிருந்தாள். படுதாவுக்கடியில் பிஜிலி கிடந்தாள். நான் குந்தி உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன், கையை உள்ளே விட்டேன், "சரியா இருக்கு பாய்" என்றேன். அப்புறம்தான் குதிரையை இறக்கினார்கள்.